வீட்டம்மா விழுந்த பிறகு: திருவெறும்பூர் வீடு ஒன்றில் ஆறு மாதம்

பின்னணி

இந்த வீடு திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நான் பள்ளியில் மனையியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த வீட்டு மாமியாரும் நானும் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன்.

வீட்டில் ஆறு பேர். மாமியாருக்கு 66 வயது. மாமனாருக்கு 73, அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மகன் பெல் ஆலைக்கு உதிரி வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர். மருமகள் தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார், காலை 8.15 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பேத்திக்கு 13, பேரனுக்கு 8.

வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான வீடு. காஸ் தீர்ந்து நின்றதில்லை, அரிசியில் வண்டு வந்ததில்லை, கரண்ட் பில் எகிறியதில்லை. அந்த ஒழுங்கு எங்கே இருந்தது என்று யாரும் யோசித்ததில்லை, நான் உட்பட. மாமியாரிடம் டைரி கிடையாது. மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் போடும் புள்ளியைத் தவிர அவர் எதையும் எழுதி வைத்ததில்லை.

விழுந்த நாள்

2022 நவம்பர் இரண்டாவது வாரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஆறு வாரம் வாக்கர் இல்லாமல் காலை ஊன்றக் கூடாது, மூன்று மாதம் தரையில் உட்காரக் கூடாது, அடுப்படியில் நிற்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

முதல் பத்து நாள் பிரச்சினையே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் கேரியரில் சாப்பாடு கொண்டு வந்தார்கள், மீதிக்கு ஓட்டல். வீட்டில் மாமியார் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டி எஞ்சினை அணைத்த பிறகும் கொஞ்ச தூரம் உருளுமே, அப்படித்தான் அந்தப் பத்து நாளும் ஓடியது.

டிசம்பரில் தெரிய வந்தவை

முதலில் தீர்ந்தது காஸ். டிசம்பர் முதல் வாரம், காலை ஆறரை மணி, இட்லிக் கொப்பரை அடுப்பில். மருமகள் இரண்டாவது சிலிண்டரை இழுத்தபோது அது லேசாக வந்தது. ஏற்கெனவே காலி. மாமியார் சிலிண்டர் மாற்றுகிற அன்றைக்கே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுவார். இந்த முறை மாற்றியது விழுவதற்கு முன்பு, பதிவு செய்வதற்குள் விழுந்துவிட்டார். காஸ் ஏஜென்சியில் பதிவான எண்ணும் அவருடையது. அந்த போன் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. சிலிண்டர் வரும் வரை ஐந்து நாள் இரவல் இண்டக்‌ஷன் அடுப்பில் ஓட்டினார்கள்.

அடுத்து அரிசி. மகன் வழக்கமான கடையில் 25 கிலோ சிப்பம் எடுத்து வந்து டிரம்மில் அப்படியே கொட்டிவிட்டார். அடியில் நான்கைந்து கிலோ பழைய அரிசி இருந்தது. மூன்று வாரத்தில் டிரம்மைத் திறந்தால் மூடியில் வண்டு ஊர்ந்தது. அரிசி வண்டு மணியைத் துளைத்து முட்டையை உள்ளே வைத்து அடைத்துவிடும். பார்வைக்கு அரிசி சுத்தமாக இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உள்ளிருந்து வண்டாக வெளியே வரும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டிருந்தார்களே என்று மருமகள் கேட்டார். அவை வெளியிலிருந்து வரும் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. மாமியார் வீட்டில் வண்டு வராததற்குக் காரணம் வேப்பிலை இல்லை. பழையதை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, டிரம்மைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டு, புதியதைக் கொட்டி, பழையதை முதலில் சமைப்பார். இது ஒரு வேலை என்று அவரே நினைத்ததில்லை, அதனால் யாருக்கும் சொன்னதுமில்லை.

வண்டு வந்த அரிசியைச் சலித்து நிழலில் பரப்பி வைத்தார்கள். கடும் வெயிலில் போட்டால் வண்டு ஓடும்தான், ஆனால் அரிசி விரிசல் விட்டுச் சோறு குருணையாகும்.

மூன்றாவது, சீட்டு. மாமியார் பக்கத்துத் தெருவில் தீபாவளிப் பலகாரச் சீட்டு கட்டி வந்தார். நவம்பர், டிசம்பர் இரண்டு தவணையும் போகவில்லை. சீட்டு பிடிக்கிற அம்மா ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நிலைமையில் பணம் கேட்க அவருக்குக் கூச்சம். இருக்கிறதே தெரியாத சீட்டுக்கு வீட்டில் யார் பணம் கொடுப்பார்கள்?

சின்னச் சின்னவை நிறைய. சாம்பார்ப் பொடி தீர்ந்தது, பேரனின் யூனிபார்ம் துவைக்காமல் கிடந்தது, தயிருக்கு உறை இல்லை. இவற்றை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணை

மருமகள் கணக்கு எழுதுகிறவர் இல்லையா, உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டார். 31 வேலை, ஐந்து பேர், வாரத்தின் ஏழு நாள். அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் அதில் ஒரு டிக் கூட இல்லை.

ஏன் நின்றது என்று பிறகு எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டேன். மாமனாருக்கு அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, சொல்லவும் வெட்கம். பேத்தி மூன்றாம் நாளே வேலை செய்யாமல் டிக் போடக் கற்றுக்கொண்டாள். மகனுக்கு அந்தப் பேப்பர் பட்டறை நோட்டீஸ் போர்டை ஞாபகப்படுத்தியது, அங்கேயும் அவர் அதைப் படிப்பதில்லை. மருமகள் சொன்னதுதான் சரியான காரணம். "டீச்சர், எண்ணெய் தீரப் போகுதுன்னு தெரியறது அடுப்பு முன்னாடி, கை மாவா இருக்கும்போது. அப்ப போய் ஃபிரிட்ஜ்ல எழுத முடியுமா?"

எனக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பில் இந்த மாதிரி அட்டவணையை வருஷா வருஷம் போடச் சொல்லி மார்க் கொடுத்தவள் நான்.

கட்டிலிலிருந்து சமையலறையைப் பார்த்தது

டிசம்பர் கடைசியில் மாமியாரைக் கூடத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "நீங்க என்னென்ன பண்ணுவீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் பட்டியல் முடிந்துவிட்டது. சமைப்பேன், துவைப்பேன், பெருக்குவேன். அவ்வளவுதான். மேலே கேட்டால், "அதெல்லாம் பாத்தாலே தெரியும் டீச்சர்" என்றார்.

சரி, பார்க்கட்டும் என்று மருமகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் மாமியாருக்கு வீடியோ கால் போட்டார். எட்டடி தூரத்துக்கு ஒரு வீடியோ கால். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த எண்ணெய் டின்னைத் தூக்காத, லேசா ஆட்டு. ம்... நாலு நாளைக்கு வரும்."

"சிலிண்டர்ல ஈரத் துணியால ஒரு துடை. மேல காயுதா? காயாம நிக்குது பாரு, அதுவரைக்கும்தான் காஸ் இருக்கு."

"அத்தை, இங்க புளி டப்பா..."

"புளி இருக்கட்டும். அந்த டியூபை வளைச்சுக் காட்டு."

ஆரஞ்சு நிற காஸ் டியூப். வளைத்துப் பார்த்ததில் விரிசல் இல்லை. ஆனால் மேலே அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தால் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல். சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். இது மாமியாருக்கும் தெரியாது. அவர் விரிசலைத்தான் பார்ப்பார், தேதியைப் பார்த்ததில்லை. அன்றைக்கே மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது, அதைவிட ஆபத்து வேறில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண்ணைப் பேத்தி சமையலறைக்கு வெளியே சுவரில் எழுதினாள். உள்ளே எழுதினால் அந்த நேரத்தில் யார் போய்ப் படிப்பது என்று அவளே கேட்டாள்.

மூன்று சாயங்காலம் இப்படிப் போனது. மாமியார் கணக்கெல்லாம் கண்ணிலும் கையிலும் இருந்தது. பொருளைப் பார்த்தால்தான் அவருக்கு வேலை ஞாபகம் வரும். அட்டவணை ஏன் தோற்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது பொருளை விட்டுத் தள்ளி, ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது.

ஜனவரி: 612 யூனிட்

பொங்கலுக்கு மறுநாள் மாமனாருக்கு பி.பி. மாத்திரை தீர்ந்துபோய், வழக்கமான மருந்துக் கடையும் பூட்டியிருந்ததால் இரண்டு நாள் போடாமல் இருந்தார். தலைசுற்றல் வந்த பிறகுதான் சொன்னார். அந்த வாரமே கரண்ட் கணக்கெடுப்பு. வெள்ளை அட்டையில் 612 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

நவம்பரில் 438 யூனிட்டுக்கு 1,353 ரூபாய் கட்டியிருந்தார்கள். இப்போது 2,858. யூனிட் 174தான் கூடியது, பணம் இரண்டு மடங்குக்கு மேல். அப்போது நடப்பில் இருந்தது 2022 செப்டம்பரில் வந்த கட்டணம். அதன்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், அதற்கடுத்த இருநூறு 4.50, கடைசி நூறு 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 போய்விடும், 101லிருந்தே 4.50 வீதம். 500க்கு மேல் 8, 9 என்று ஏறியது. சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510க்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். இந்த வாசற்படி அங்கே இருப்பது மாமியாருக்குத் தெரியுமோ தெரியாதோ, குளிர்காலத்தில் அவர் அதைத் தாண்டியதில்லை. வெள்ளை அட்டையின் பழைய வரிகள் அதைக் காட்டின.

எங்கே போனது 174 யூனிட்? இண்டக்‌ஷன் அடுப்பு ஐந்து நாளில் இருபது யூனிட் தின்றிருக்கலாம். ஹீட்டர் 2,000 வாட். மாமியாருக்கு வெந்நீர் வேண்டும் என்று காலை முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். சூடானதும் தானாக நிற்கும், உண்மைதான், ஆனால் ஆற ஆற மறுபடி ஓடும். முன்பு பதினைந்து நிமிஷத்தில் அணைத்துவிடுவது மாமியாரின் சட்டம்.

மீதி இடித்தது. அப்போது மாமனார் சொன்னார், "மோட்டார் இப்ப மூணு வேளை போடறோம்." அதுவரை காலையில் அரை மணி நேரம் ஒரு தடவை போட்டால் போதும். ஆள் கூடவில்லை, தண்ணீர் எங்கே போகிறது? ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் ஐம்பது, அறுபது யூனிட் ஆகிவிடும்.

ராத்திரி பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மகன் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டார். காலை ஐந்து மணிக்கு ஒரு சாண் இறங்கியிருந்தது. அந்தத் தொட்டியின் அகலத்துக்கு ஒரு சாண் என்றால் இருநூறு லிட்டர் பக்கம். ஒரு குழாயும் சொட்டவில்லை, சுவரில் ஈரமில்லை.

கூடத்தை ஒட்டிய குளியலறையில் ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது. அதன் ஃப்ளஷ் தொட்டியில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே வெள்ளைப் பீங்கானில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று வழிந்து இறங்கியது. பேரன் அதைப் பார்க்க நண்பர்களைக் கூட்டி வந்தான். அடி வாஷர் உளுத்துப் போய்த் தண்ணீர் சத்தமில்லாமல் இரவும் பகலும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மாமியாரிடம் சொன்னோம். "அது ஒழுகும்னுதானே அந்த வால்வை மூடி வச்சிருந்தேன்" என்றார்.

அந்தக் கழிப்பறையை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் வால்வை மூடி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருக்குத்தான் அது தேவைப்பட்டது. மகன் வால்வைத் திறந்துவிட்டார். ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, வலி மாத்திரை மயக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லவும் தோன்றவில்லை. பிளம்பர் வாஷரைப் போட்டுவிட்டுப் போக அரை மணி நேரம் ஆனது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மகனிடமிருந்து வந்தது. பட்டறையில் போல்ட், நட்டுக்கு இரண்டு டப்பா வைப்பார்களாம். முதல் டப்பா தீர்ந்து இரண்டாவதைத் திறக்கிறபோதே ஆர்டர் போட்டுவிட வேண்டும். எவ்வளவு மீதி என்று யாரும் எண்ண வேண்டாம். "டூ பின் சிஸ்டம்" என்று பெயர் சொன்னார். கட்டிலிலிருந்து மாமியார், "நான் சிலிண்டருக்கு அதைத்தானடா இருபது வருஷமாப் பண்றேன்" என்றார். மகனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அதையே மற்றவற்றுக்கும் கொண்டு வந்தார்கள். அரிசியில் மூன்று கிலோ தனிப் பையில் கட்டி டிரம்முக்கு மேல் வைப்பது. அந்தப் பையை அவிழ்த்தால் அன்றைக்குச் சிப்பம் வாங்க வேண்டும், டிரம்மும் காலியாக இருப்பதால் கழுவுவது தானாக நடக்கும். எண்ணெயில் கடைசி ஒரு லிட்டர் பாக்கெட். மாமனாரின் மாத்திரையில் கடைசிப் பட்டையில் ரப்பர் பேண்ட். எல்லாப் பொருளுக்கும் செய்யவில்லை, தீர்ந்தால் வேலை நிற்கிற ஏழெட்டுப் பொருளுக்கு மட்டும். இந்த அளவில் நிறுத்தியது நல்லது என்று நினைக்கிறேன். கடுகுக்கும் வெந்தயத்துக்கும் செய்யப் போயிருந்தால் அதுவும் ஃபிரிட்ஜ் அட்டவணை போன வழியே போயிருக்கும்.

இரண்டாவது, தேதியைப் பொருள் மேலேயே எழுதுவது. சிலிண்டர் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேல் எழுதும் வேலை பேரனுக்கு. அவன் அதை ஒரு பதவியாக எடுத்துக்கொண்டான். சிலிண்டர் வந்ததும் சோதனைத் தேதியையும் அவனே படிப்பான். கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் வருஷமும் இருக்கும். ஏ என்றால் அந்த வருஷத்து மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். காலி எடையும் அதிலேயே பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் தராசில் வர வேண்டிய எடை.

மூன்றாவது, வேலையைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரித்தது. காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை வீடு மாமனாருடையது. பால் வாங்குவது, மோட்டார், ஹீட்டர் சுவிட்ச், எது வந்தாலும் அவர் பொறுப்பு. ராத்திரி எட்டரைக்கு மேல் மகனுடையது. மறுநாள் காய் நறுக்குவது, பாத்திரத்தை ஒழித்துப் போடுவது, ரெகுலேட்டரை மூடுவது. நடுவில் சமையல் மருமகளிடம் இருந்தது, அதற்கு உதவியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அம்மாவை வைத்தார்கள். சம்பளம் தண்டம் என்று மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மருமகள் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது. எவ்வளவு டப்பா அடுக்கினாலும் ஒரு ஆள் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும்.

மீட்டர் பார்ப்பதை யாரும் மாமனாருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன சமயம் அது. அதற்காக டிசம்பரில் அவர் அலைந்ததில் வெள்ளை அட்டை அவர் சட்டைப் பையில் தங்கிவிட்டது. ஞாயிறு காலை மீட்டரைப் பார்த்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுவார். 500 யூனிட்டை அறுபது நாளால் வகுத்தால் நாளைக்கு எட்டு சொச்சம், வாரத்துக்கு 58. அவர் 55க்குக் கோடு போட்டார். தாண்டினால் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் இல்லாத பயணியை விசாரிப்பது போல ஒவ்வொருவராக விசாரணை நடக்கும்.

அடகு வைத்த வளையல்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மாமியார்தான் எழுதுங்கள் என்றார். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் மருமகளை மட்டும் அருகே கூப்பிட்டு, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு ரசீது இருக்கிறது, எடு என்றார். இரண்டு வளையல் அடகில் இருந்தது. ஒரு வருஷக் கெடு அந்த மாதம் முடிகிறது. எதற்காக வைத்தார் என்பது இங்கே வேண்டாம். மகனுக்கும் மாமனாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்றார்.

மருமகள் வட்டியைக் கட்டி அடகை மறுபடி வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "அவர்கிட்ட மறைக்கறது எனக்கு உறுத்துது டீச்சர்" என்றார். மாமியாரிடமே அதைச் சொல்லச் சொன்னேன். இரண்டு பேரும் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். மாமியார் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதுவார். அடகு ரசீது, சீட்டு, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எங்கிருந்து வர வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். கவரில் போட்டு ஒட்டி பீரோ லாக்கரில் வைப்பது. அவர் பேச முடியாத நிலைமை வந்தால் மட்டும் மருமகள் பிரிக்கலாம். மருமகள் தன் பங்குக்கும் ஒரு கவர் எழுதி வைத்தார், இது யாரும் கேட்காதது. வீட்டுச் செய்தி எல்லாமே சுவரில் எழுதக் கூடியது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

மே வரை

மார்ச் கணக்கெடுப்பில் 446 யூனிட், 1,401 ரூபாய். மே மாதம் 574 யூனிட், 2,542 ரூபாய். வெயில் காலத்தில் மகன் அறையில் ஏ.சி. ஓடியதால் 500க்குள் நிற்க முடியவில்லை. முந்தைய வருஷம் அதே இரண்டு மாதத்துக்கு 631 யூனிட் என்று அட்டையில் இருந்தது. கூடத்து ஃபேனை மட்டும் குறைந்த கரண்டில் ஓடும் புது வகைக்கு மாற்றியிருந்தார்கள். பழையது 75 வாட், இது முப்பதுக்குள். நாளெல்லாம் ஓடுகிற இடத்தில்தான் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு என்பதால் மற்ற ஃபேன்களை விட்டுவிட்டார்கள்.

காஸ் அதன் பிறகு நிற்கவில்லை. பதிவு எண்ணை மருமகள் பெயருக்கு மாற்றப் போய், பிறகு வேண்டாம் என்று விட்டார்கள். மாமியார் போன் எப்போதும் கூடத்தில் சார்ஜில் இருக்கும் என்பதோடு சரி. அரிசியில் வண்டு வரவில்லை. பருப்பில் ஒரு தடவை வந்தது.

மாமியார் பிப்ரவரி கடைசியில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தார், ஏப்ரலில் அடுப்படிக்கு. வந்த முதல் நாள் டப்பாக்களைப் பார்த்து, "மளிகைக் கடை மாதிரி எழுதி வச்சிருக்கீங்க" என்றார். எண்ணெய் டின்னில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டார், பெருங்காயத்தைப் பழைய இடத்துக்கு மாற்றினார். மாமனாரின் காலை நேரத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. ஐந்தரைக்கு எழுந்து பழக்கப்பட்டவர், இப்போது ஆறரை வரை படுத்திருக்கிறார். மோட்டார் சத்தம் கேட்டால் நிமிஷக் கணக்கு மனதுக்குள் ஓடுமாம், ஆனாலும் எழுந்திருப்பதில்லையாம்.

மறுபடி செய்தால்

அட்டவணையில் இரண்டு வாரம் வீணாக்கியிருக்க மாட்டோம். பேச முடிகிற நிலைக்கு மாமியார் வந்த முதல் நாளே வீடியோ காலைப் போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துகூட முடிந்திருக்கும், அவருக்கும் பொழுது போயிருக்கும். மூடியிருக்கிற வால்வு, கழற்றி வைத்த சுவிட்ச், கட்டிப் போட்ட பை என்று எதைப் பார்த்தாலும் திறப்பதற்கு முன் காரணம் கேட்டிருப்போம். வெள்ளை அட்டையில் பில் ஏறும் வரை காத்திருக்காமல் முன்பே மீட்டரைப் பார்த்திருந்தால் ஃப்ளஷ் ஒழுகல் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று. காஸ், அரிசி, கரண்ட் என்று எல்லாவற்றையும் துருவினோம். மாமியார் விழுந்த இடத்தை யாரும் தொடவில்லை. ஜனவரி கடைசியில் பேத்தி அதே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் போய்ப் பார்த்தேன். பச்சைப் பாசி இரண்டு விரல் வைத்தால் நழுவுகிற அளவுக்கு இருந்தது. மாமியார் மழைக் காலத்தில் வாரா வாரம் பிளீச்சிங் பவுடர் தூவித் தென்னை விளக்குமாறால் தேய்ப்பாராம். விழுந்த வாரம் தொடர்மழையில் விட்டுப்போயிருக்கிறது. பிறகு இரண்டரை மாதம் யாருமே செய்யவில்லை.

மகன் அன்றைக்கே தேய்த்துக் கழுவினார். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றப் போனார், தடுத்தேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பிறகு சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தார்கள், கல்லைச் சுற்றிச் சொரசொரப்பான சிமென்ட் போட்டார்கள். பவுடர் டின் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கடைசியாகத் தேய்த்த தேதியை அதன் மேல் எழுதுவது மகன் பொறுப்பு. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். அதில் இருந்த தேதி ஐந்து வாரம் பழையது.